அப்பாவுக்கு இதயம்தான் வீக்குன்னாங்க, அப்புறம் ஏன் நுரையீரல்ல தண்ணி?

சிப்புட்காரி:

வணக்கம் எல்லாருக்கும். நான் இங்க படிக்கிறதோட சரி, எழுதினது இல்ல, இடம் மாத்திப் போட்டிருந்தா மன்னிச்சுக்குங்க. எங்க அப்பாவுக்கு 74 வயசு, மலேசியாவுல சுங்கை சிப்புட் பக்கத்துல ஒரு தோட்டத்துல 30 வருஷத்துக்கு மேல பால்மரம் (ரப்பர்) வெட்டினவரு, இப்ப அந்த தோட்டமே முழுக்க செம்பனை (எண்ணெய்ப் பனை) ஆயிருச்சு, நாங்களும் லயத்த விட்டு தாமான் (குடியிருப்பு) வீட்டுக்கு வந்துட்டோம். ரெண்டு மாசமா ராத்திரி படுத்தா மூச்சு முட்டுதுன்னு எந்திரிச்சு உக்காந்துக்குவாரு. மொதல்ல ஒரு தலகாணி, அப்புறம் ரெண்டு, அப்புறம் மூணு, கடைசில ஈஸி சேர்லயே தூக்கம். நாங்க சளின்னு நெனச்சு நெஞ்சுல தைலம் தேச்சுக்கிட்டே இருந்தோம். கால் வேற வீங்கிருச்சு, சிலிப்பர் போட்டா அந்த வார் பதிஞ்ச தடம் ராத்திரி வரைக்கும் அப்படியே கெடக்கும்.

ஆஸ்பத்திரில எக்கோ (ஹார்ட்டு ஸ்கேன்) எடுத்துட்டு, ஹார்ட்டோட இடது பக்கம் வீக், பம்ப் பண்றது 35 பெர்சன்ட்தான், அதனால நுரையீரல்ல தண்ணி கோத்திருக்குன்னு சொன்னாங்க. டாக்டர் பொறுமையானவருதான், ஆனா வெளிய அம்பது பேரு நம்பர் சீட்டு வச்சுக்கிட்டு உக்காந்திருக்காங்க, எவ்வளவுதான் நிறுத்தி நிறுத்தி கேக்குறது.

வீட்டுக்கு வந்து மககிட்ட சொன்னேன், அவ டிங்கத்தான் 3 (ஒம்பதாம் வகுப்பு), சயின்ஸ்ல இந்த பாடம்தான் ஓடுது போல, புக்க தூக்கிக்கிட்டு வந்து "மா, நுரையீரலுக்கு ரத்தத்த அனுப்புறது கானான், வலது பக்கம்மா, கிரி, இடது பக்கம் உடம்புக்குத்தான் அனுப்புது, தாத்தாவுக்கு கிரி பக்கம் வீக்குன்னா உடம்புக்குத்தானே ரத்தம் கம்மியாகணும், நுரையீரல்ல ஏன் தண்ணி நிக்குது, டாக்டர் மாத்தி சொல்லிட்டாரா"ன்னு கேக்குறா. எனக்கு பதில் தெரியல. படத்த பாத்தா அவ கேக்குறது சரின்னுதான் தோணுது. யாராச்சும் இந்த ரத்தம் எப்படி சுத்துதுன்னு எனக்கு புரியிற மாதிரி சொல்லுங்களேன். இன்னொண்ணு, அந்த படத்துல ஒரு பக்கம் நீலம் ஒரு பக்கம் சிவப்பா போட்டிருக்கான், நமக்கு உள்ள நீல ரத்தமும் ஓடுதா?

பழைய டிரெசர்:

உங்க மக கேட்டது நல்ல கேள்விமா. டாக்டர் மாத்தியும் சொல்லல. நான் 1970கள்லருந்து தோட்டத்து கிளினிக்ல டிரெசரா (மருத்துவ உதவியாளரா) இருந்தவன், இப்ப ரிட்டையர். எனக்கு தெரிஞ்சத சொல்றேன், கொஞ்சம் நீளமா போகும், கோப்பி கலக்கி வச்சுக்கிட்டு படிங்க.

மொதல்ல ஒண்ணு மனசுல வையுங்க. ஹார்ட்டு பாக்க ஒண்ணு, உள்ளுக்குள்ள ரெண்டு பம்பு. வலது பம்பு ஒண்ணு, இடது பம்பு ஒண்ணு, நடுவுல சுவரு. ஒவ்வொரு பம்புக்கும் மேல ஒரு அறை, கீழ ஒரு அறை. மேலறை ரத்தத்த வாங்கி கீழறைக்கு எறக்கும், கீழறைதான் வெளிய தள்ளும். உடம்பெல்லாம் சுத்தி ஆக்சிஜன குடுத்துட்டு வர்ற ரத்தம் ரெண்டு பெரிய சிரை (ஹார்ட்டுக்கு ரத்தம் கொண்டு வர்ற குழாய்) வழியா வலது மேலறைக்கு வருது, வலது கீழறை அத நுரையீரலுக்கு தள்ளுது, அங்க கரியமிலவாயுவ விட்டுட்டு ஆக்சிஜன ஏத்திக்கிட்டு நாலு சிரை வழியா இடது மேலறைக்கு வருது, இடது கீழறை அத பெருநாடி வழியா உச்சந்தலைலருந்து கால் கட்டைவிரல் வரைக்கும் தள்ளுது, அது திரும்ப வலது பக்கம் வந்து சேருது. அவ்வளவுதான் சுத்து. நடுவுல போனது பின்னால வந்துடாம இருக்க நாலு வால்வு, உங்க மக புக்குல இன்ஜாப்னு போட்டிருக்கும். ஸ்டெதஸ்கோப்ல லப் டப்னு கேக்குறமே, அது அந்த வால்வுங்க மூடுற சத்தம்தான். லப்புன்னா மேலறைக்கும் கீழறைக்கும் நடுவுல உள்ள ரெண்டு, டப்புன்னா வெளிய போற வாசல்ல உள்ள ரெண்டு.

இப்ப உங்க மக கேட்ட எடத்துக்கு வர்றேன். நுரையீரலுக்கு *அனுப்புறது* வலது பக்கம், சரி. ஆனா நுரையீரல்லருந்து ரத்தத்த *எடுத்துக்கிறது* யாரு? இடது பக்கம். அது சரியா எடுக்கலன்னா?

நான் தெலுக் இந்தான் பக்கம் செம்பனை தோட்டத்துல ஒரு ஏழு வருஷம் இருந்தேன். அங்க நெலம் தட்டை, ஒவ்வொரு பிளாக்குக்கும் பாரிட் (வாய்க்கால்) வெட்டி கடைசில வாட்டர் கேட் வச்சிருப்பாங்க. மழை நேரத்துல கீழ உள்ள கேட்டு சரியா தொறக்கலன்னு வையுங்க, தண்ணி எங்க ஏறும்? கேட்டுக்கு அந்தப் பக்கம் காஞ்சுதான் கெடக்கும், கேட்டுக்கு இந்தப் பக்கம் மேல உள்ள பிளாக்குலதான் மரத்து மூட்டுல தண்ணி நிக்கும். உங்க அப்பாவுக்கு கேட்டு இடது கீழறை, மேல் பிளாக்கு நுரையீரல். தண்ணி நிக்கிற எடத்துல கோளாறுன்னு நெனைக்காதீங்க, அதுக்கு அடுத்த எடத்துலதான் கோளாறு. 35 பெர்சன்ட்னா, கீழறைல நெறஞ்சு நிக்கிற ரத்தத்துல நூத்துக்கு 35 பங்குதான் ஒரு துடிப்புல வெளிய போகுதுன்னு அர்த்தம். நல்ல ஹார்ட்டே முழுசா காலியாகாது, 55லருந்து 70 வரைக்கும் போகும். அதனால 35னா மூணுல ஒரு பங்கு ஹார்ட்டுதான் மிச்சம்னு பயந்துடாதீங்க, பலபேரு அப்படித்தான் நெனச்சுக்கிட்டு அழுவாங்க.

தேங்குன ரத்தம் நுரையீரல்ல உள்ள முடி மாதிரி குழாய்ங்கள்ல அழுத்தத்த ஏத்துது. சாதாரணமா அங்க அழுத்தம் 10 கூட இருக்காது (பிரஷர் பாக்குற அதே மெர்குரி மில்லிமீட்டர் கணக்கு). ரத்தத்துல உள்ள புரதம் தண்ணிய வெளிய போக விடாம ஒரு 25 அளவுக்கு இழுத்து பிடிச்சுக்கிட்டு இருக்கும். உள்ள அழுத்தம் அதத் தாண்டுச்சுன்னா தண்ணி கசிஞ்சு காத்துப்பைக்குள்ள எறங்கும். படுத்தா ஏன் மோசம்னா, பகல்ல காலுல நின்ன ரத்தமெல்லாம் படுத்ததும் நெஞ்சுக்கு திரும்பும், வலது பம்பு நல்லாத்தானே இருக்கு, அது பாட்டுக்கு நுரையீரலுக்கு தள்ளும், இடது எடுக்காது. தலகாணி எண்ணிக்கைய டாக்டருங்க கேக்குறது சும்மா இல்ல. நானும் அந்த காலத்துல கேப்பேன், "தாத்தா எத்தன தலகாணி"ன்னு, லயத்துல தலகாணி ஏது, "அரிசி மூட்டைல சாஞ்சுக்கிறேன்யா"ன்னு ஒருத்தர் சொன்னாரு.

கால் வீக்கத்துக்கும் இதே கணக்குதான். நுரையீரல்ல அழுத்தம் கூடிப் போனா அதுக்கு எதிரா தள்ள வேண்டியது வலது பம்பு. அது மெல்லிசு, இடது பக்கத்து சுவருல சுமார் மூணுல ஒரு பங்குதான் தடிமன். இடது தள்ளுறது 120, வலது தள்ளுறது 25 அழுத்தத்துல, அதுக்கு பழக்கப்பட்டது. நாள்பட அதுவும் ஓஞ்சு போனா அதுக்கு மேல் பிளாக்கு எது? உடம்பு. கால், ஈரல், கழுத்து சிரை எல்லாம் பொடைக்கும். இது போதாதுன்னு கிட்னிக்கு வர்ற ரத்தம் கொறஞ்சதும் கிட்னி, உடம்புல தண்ணி பத்தலன்னு தப்பா நெனச்சுக்கிட்டு உப்பையும் தண்ணியையும் பிடிச்சு வைக்கும். அதுக்குத்தான் ஒண்ணுக்கு போற தண்ணி மாத்திரை குடுத்திருப்பாங்க.

கீரைக்கட்டு:

அக்கா மாத்திரைய நம்பி உக்காராதீங்க, காலைல வெறும் வயித்துல பூண்டு நாலு பல்லு நசுக்கி தேன்ல போட்டு குடுங்க, ரத்தக்குழாய் அடைப்பு எல்லாம் கரைஞ்சு கழிவோட வந்துரும், எங்க மாமாவுக்கு ஸ்டென்ட் வைக்க சொன்னாங்க, பூண்டுலயே சரியாயிட்டாரு. அதோட தண்ணி நெறைய குடிக்க சொல்லுங்க, ரத்தம் இளகும்.

பழைய டிரெசர்:

தம்பி, பூண்ட ரசத்துல போட்டுக்க, யாரு வேணாங்கிறா. குழாய் சுவருக்குள்ள படிஞ்ச கொழுப்பு குடல் வழியா கழிவோட வராது, ரெண்டும் வேற வேற குழாய். அதவிட, நுரையீரல்ல தண்ணி நிக்கிற ஆளுக்கு நெறைய தண்ணி குடிங்கன்னு எழுதிருக்க பாரு, அத மொதல்ல எடுத்துரு. சிப்புட்காரி தங்கச்சி, ஒரு நாளைக்கு எத்தன கிளாஸ் தண்ணின்னு டாக்டர் அளவு சொல்லிருப்பாரு, சொல்லலன்னா அடுத்த தடவ கண்டிப்பா கேளுங்க.

மில்லு பம்ப்மேன்:

நான் செம்பனை மில்லுல பம்ப், பாய்லர் பாக்குறவன், ஹார்ட்டு பத்தி ஒண்ணும் தெரியாது, ஆனா டிரெசர் ஐயா சொன்னத படிச்சதும் ராத்திரி ஷிப்ட்ல ஒரு சந்தேகம் வந்து கணக்கு போட்டு பாத்தேன். ரெண்டு பம்பு ஒரே லைன்ல ஒண்ணுக்கு பின்னால ஒண்ணு, நடுவுல டேங்கி கெடையாது. அப்படின்னா ரெண்டும் அச்சு பிசகாம ஒரே அளவு தள்ளணும். ஒரு துடிப்புக்கு 70 மில்லி, நிமிஷத்துக்கு 70 துடிப்புன்னா 4.9 லிட்டர், அஞ்சு லிட்டர்னு வையுங்க. பெரிய ஆளு உடம்புல மொத்த ரத்தமே அஞ்சு லிட்டர்தானாம், அப்ப ஒரு நிமிஷத்துல முழு ரத்தமும் ஒரு சுத்து வந்துருது. ஒரு நாளைக்கு 7,000 லிட்டர். நம்ம டீசல் தோங் (டிரம்) 200 லிட்டர், 35 தோங்! கைமுட்டி அளவு பம்பு, ஸ்பேர் இல்ல, சர்வீஸ்க்கு நிறுத்த முடியாது.

இப்ப சந்தேகம். இடது பம்பு வலதவிட ஒரு துடிப்புக்கு ஒரே ஒரு மில்லி கம்மியா தள்ளினா நிமிஷத்துக்கு 70 மில்லி நுரையீரல்ல மிச்சம், ஒரு மணி நேரத்துல நாலு லிட்டருக்கு மேல. அப்ப ஒரு மணி நேரம் கூட மனுஷன் தாங்க மாட்டானே? எங்க மில்லுல இந்த மாதிரி ரெண்டு பம்பு வச்சா நடுவுல ஒரு சென்சார், ஒரு கன்ட்ரோல் வால்வு இல்லாம ஓட்டவே முடியாது. ஹார்ட்டுல அந்த வேலைய யாரு பாக்குறா?

டியூஷன் டீச்சர்:

பம்ப்மேன் அண்ணே, உங்க கேள்விய அப்படியே நாளைக்கு கிளாஸ்ல வைக்கப் போறேன். கன்ட்ரோல் பண்ண தனியா ஆளு வேணாம்ணே, சதையே பாத்துக்குது. ஹார்ட்டு சதைக்கு ஒரு குணம் இருக்கு, உள்ள வர்ற ரத்தம் கூடி அது கூடுதலா இழுபட்டா அடுத்த துடிப்புல கூடுதல் வேகத்தோட சுருங்கும். வலதுலருந்து ஒரு மில்லி கூட வந்துச்சுன்னா இடது மேலறையும் கீழறையும் கொஞ்சம் கூட நெறையும், கூட இழுபடும், அந்த ஒரு மில்லிய சேத்து தள்ளிரும். இங்கிலாந்துக்காரர் ஸ்டார்லிங், ஜெர்மன்காரர் ஃபிராங்க், ரெண்டு பேர் பேரையும் சேத்து இந்த விதிக்கு வச்சிருக்காங்க. டிரெசர் ஐயா சொன்ன கசிவுக் கணக்கு, அழுத்தம் வெளிய தள்ளுது புரதம் உள்ள இழுக்குதுங்கிறது, அதையும் 1896ல சொன்னது இதே ஸ்டார்லிங்தான். வீக்கான ஹார்ட்டுல இந்த குணம் மழுங்கிப் போயிருது, எவ்வளவு இழுபட்டாலும் தேவையான அளவு திருப்பி அடிக்க முடியல. அதனாலதான் தாத்தாவுக்கு தேங்குது. ரொம்ப பழசான ரப்பர் பேண்ட இழுத்துப் பாருங்க, அந்த மாதிரி.

நீல ரத்தம் கெடையவே கெடையாது அக்கா. ஆக்சிஜன் இருந்தா பளிச்சுனு சிவப்பு, கொறஞ்சா கருஞ்சிவப்பு, அவ்வளவுதான் வித்தியாசம், ரத்தம் டெஸ்டுக்கு எடுக்கும்போது சிரிஞ்சுல பாத்திருப்பீங்க. தோலு வழியா வெளிச்சம் போயிட்டு திரும்புற விதத்துல சிரை நீலமா தெரியுது. புக்குல நீலம் போடறது பிள்ளைங்க வித்தியாசம் கண்டுபிடிக்கத்தான். ஆனா அதுல பரீட்சைல மாட்டிக்கிற எடம் ஒண்ணு இருக்கு, மககிட்ட சொல்லுங்க. தமனின்னா சிவப்பு, சிரைன்னா நீலம்னு மனப்பாடம் பண்ணிட்டு, நுரையீரல் தமனிய நீலத்துல பாத்ததும் படம் தப்புன்னு நெனைக்குதுங்க. ஹார்ட்ட விட்டு போறது தமனி, ஹார்ட்டுக்கு வர்றது சிரை. உள்ள என்ன ரத்தம் ஓடுதுன்னு பாக்கவே கூடாது. லோரி லோடோட போகுதா காலியா போகுதான்னு பாத்தா ரோட்டுக்கு பேரு வைக்கிறோம்?

தாத்தா பால்மரம் வெட்டினவருன்னு எழுதிருந்தீங்க, அதப் படிச்சதும் தோணுனது. இந்த ரத்தம் சுத்துதுங்கிற விஷயமே மனுஷனுக்கு ரொம்ப காலம் தெரியாது. கேலன்னு பழைய வைத்தியர், ரெண்டாம் நூற்றாண்டு, அவரு சொன்னத 1,400 வருஷம் நம்பிக்கிட்டு இருந்தாங்க. அவரு கணக்கு பால்மரக் கணக்கு. ஈரல்ல ரத்தம் ஊறும், சிரை வழியா போகும், உடம்பு அத குடிச்சு தீத்துரும், மறுநாள் திரும்ப ஊறும். மரத்துல பால் ஊறி கோட்டுல எறங்கி மங்குல (பால் கிண்ணத்துல) விழுந்தா மரத்துக்கு திரும்புதா என்ன, அந்த மாதிரி. வலது பக்கத்துலருந்து இடது பக்கத்துக்கு நடு சுவருல உள்ள கண்ணுக்கு தெரியாத ஓட்டை வழியா போகுதுன்னும் சொன்னாரு. 13ஆம் நூற்றாண்டுல இபின் அல்-நஃபீஸ்னு ஒரு அரபு மருத்துவர், சுவருல ஓட்டையெல்லாம் இல்ல, நுரையீரல் வழியாத்தான் போகணும்னு எழுதி வச்சாரு. 

அப்புறம் 1628ல இங்கிலாந்துல வில்லியம் ஹார்வி, நம்ம பம்ப்மேன் அண்ணே செஞ்ச அதே வேலைய செஞ்சாரு, கணக்கு போட்டாரு. ஒரு துடிப்புக்கு இவ்வளவு, அரை மணி நேரத்துல இத்தனை துடிப்பு, பெருக்கிப் பாத்தா உடம்புல இருக்கிற மொத்த ரத்தத்தவிட அதிகமா வருது. இவ்வளவையும் தின்ன சாப்பாட்டுலருந்து ஈரல் புதுசு புதுசா ஊற வைக்கவே முடியாது, அப்ப அதே ரத்தம்தான் திரும்பி வரணும். அவருக்கு ஒரே ஒரு எடத்துலதான் பதில் கெடைக்கல, தமனி முடியிற எடத்துலருந்து சிரை தொடங்குற எடத்துக்கு எப்படி தாண்டுது? அவரு இறந்து நாலு வருஷம் கழிச்சு 1661ல இத்தாலிக்காரர் மல்பீகி மைக்ராஸ்கோப்புல தவளை நுரையீரல பாத்து அந்த நுண்குழாய்ங்கள கண்டுபிடிச்சாரு. தந்துகின்னு நாம சொல்றது. பல எடத்துல சிவப்பணு ஒண்ணு பின்னால ஒண்ணா, ஒடம்ப மடிச்சுக்கிட்டு நுழையிற அளவுக்கு ஒடுக்கம், ஒத்தையடிப் பாதை மாதிரி. கொடுக்கல் வாங்கல் பூரா அங்கதான் நடக்குது, மத்த குழாயெல்லாம் ரோடுதான்.

ஹார்வி செஞ்ச ஒரு சோதனைய வீட்டுலயே பண்ணலாம். தாத்தா கைல நரம்பு நல்லா எடுப்பா தெரியும்ல (நரம்புன்னு பேச்சுக்கு சொல்றோம், அது சிரை). முழங்கைக்கு மேல ஒரு துணிய லேசா கட்டுங்க, கைய தொங்க விட சொல்லுங்க. முன்கைல கிளை இல்லாத ஒரு நீளமான சிரைய பாத்து கீழ் முனைய ஒரு வெரலால அழுத்திக்கிட்டு இன்னொரு வெரலால முழங்கை பக்கமா வழிச்சு விடுங்க. மேல் வெரல எடுத்தாலும் அந்த எடம் தட்டையாவே கெடக்கும், மேலருந்து ரத்தம் கீழ வராது, நடுவுல உள்ள வால்வு விடாது. கீழ் வெரல எடுத்தா சட்டுனு கீழருந்து மேல ரொம்பும். ஒரு நிமிஷத்துக்கு மேல துணி கட்டி வைக்காதீங்க.

பழைய டிரெசர்:

டீச்சர் சொன்ன அந்த வால்வுதான் காலுலயும் இருக்கு. கால்லருந்து நெஞ்சுக்கு நாலடி ஒசரம் ரத்தம் ஏறணும், அந்த தூரத்துக்கு ஹார்ட்டு தள்ளின வேகம் மிச்சமே இருக்காது. கெண்டைக்கால் சதை நடக்க நடக்க சிரைய பிழிஞ்சு மேல ஏத்துது, வால்வு கீழ விடாம பிடிச்சுக்குது. பெரட்டுல (காலைல பேரு கூப்பிடுற எடத்துல) இருட்டோட நின்னு, அப்புறம் ஸ்டோருல பால் நிறுக்க நின்னு, நின்னே பொழப்பு ஓட்டின எத்தன பொம்பளைங்களுக்கு காலுல சிரை முறுக்கிக்கிட்டு பாம்பு மாதிரி கெடந்துச்சு, அந்த வால்வு தளந்து போனதுதான். ஆனா அது வேற வீக்கம், உங்க அப்பாவோடது வேற.

அப்பாவுக்கு தெனமும் முழங்காலுக்கு கீழ முன்னெலும்பு மேல கட்டைவெரலால கொஞ்ச நேரம் அழுத்தி எடுத்துப் பாருங்க, குழி விழுந்து நிக்குதா, நேத்தவிட ஆழமா. அதவிட முக்கியம் தராசு. காலைல எந்திரிச்சு ஒண்ணுக்கு போயிட்டு, பசியாறதுக்கு முன்னால நிறுத்து எழுதுங்க. மூணு நாள்ல ரெண்டு கிலோ கூடுச்சுன்னா அது சதை இல்ல, தண்ணி, அப்பாயின்ட்மென்ட் தேதிக்கு காத்திருக்காம கூட்டிக்கிட்டு போங்க. மூச்சு முட்டி பேச முடியலன்னாலோ நுரையா சளி வந்தாலோ ராத்திரின்னு பாக்காம 999க்கு போன் பண்ணி ஆம்புலன்ஸ கூப்பிடுங்க. இடது பக்கம் ஏன் வீக்காச்சுன்னும் கேளுங்க. பெருநாடி கிளம்புன ஒடனே பிரியிற மொத ரெண்டு கிளை ஹார்ட்டோட சொந்த சதைக்குத்தான் போகுது, அதுல எப்பவாச்சும் அடைச்சு சத்தமில்லாம ஒரு அட்டாக் வந்து போயிருக்கலாம், இனிப்பு நீர் (சர்க்கரை வியாதி) உள்ளவங்களுக்கு வலியே தெரியாம வரும். பழைய பிரஷரும் காரணமா இருக்கலாம். காரணம் தெரிஞ்சா மருந்து மாறும்.

சிப்புட்காரி:

டிரெசர் ஐயா, டீச்சர், பம்ப்மேன் அண்ணே, ரொம்ப நன்றிங்க. மக அந்த வாட்டர் கேட் எடத்த ரெண்டு தடவ படிச்சா, அப்புறம் புக்குல இடது கீழறை மேல பென்சில்ல ஒரு கேட்டு வரைஞ்சு வச்சிருக்கா. ஆமா ஐயா, அப்பாவுக்கு இனிப்பு நீர் இருக்கு, 15 வருஷமா. அட்டாக் பத்தி கேக்குறேன்.

கை சோதனைய நேத்து சாயந்திரம் அஞ்சடில (வாசல் தாழ்வாரத்துல) உக்காந்து பண்ணோம். அப்பா கை உங்களுக்கே தெரியும், வெட்டுக்கத்தி பிடிச்ச கை, சிரையெல்லாம் கயிறு மாதிரி. மக அவளோட தலைமுடி ரிப்பன கட்டிட்டு, வெரல வச்சு வழிச்சா. அந்த எடம் அப்படியே பள்ளமா நின்னுச்சு. மேல் வெரல எடுத்தா, ஒண்ணுமில்ல. கீழ் வெரல எடுத்ததும் குபுக்குனு ரொம்பிருச்சு. இன்னொரு தடவ பண்ணு இன்னொரு தடவ பண்ணுன்னு அப்பாதான் கேட்டாரு, மூச்சு வாங்குறத மறந்துட்டு. அப்புறம் கைய திருப்பி திருப்பி பாத்துட்டு, "முப்பது வருஷம் கோடு போட்டேன், பாலு கீழதான் எறங்கும். இது என்ன புள்ள மேல ஏறுது"ன்னாரு.

கருவாட்ட நிறுத்துனதுக்குத்தான் இன்னும் என்கூட பேச மாட்டேங்குறாரு. தராசு வாங்கணும். முள்ளு வச்சது நல்லதா, நம்பர் வர்றது நல்லதா?

பழைய டிரெசர்:

நம்பர் வர்றது வாங்குங்க, அவருக்கே படிக்க வரும். பாய் மேல வைக்காதீங்க, சிமெண்டு தரைல வையுங்க.